ஜல்தனியா: ஈரச்சேற்றில் பூக்கும் பட்டர்கப் செடி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இந்தியாவில் மழைக்காலத்து வெள்ளம் வடிந்து, குளங்களும் கால்வாய்களும் தம் ஓரங்களில் கருஞ்சேற்றை விட்டுச் செல்லும் நாட்களில், அந்தச் சேற்றின்மேல் பளபளப்பான பச்சை இலைகளோடு ஒரு செடி முளைக்கிறது. பனிக்காலம் முடிவதற்குள் சிறு மஞ்சள் பூக்களைப் பூத்து, கோடையின் வெயில் முற்றும்போது காய்ந்துவிடுகிறது. அந்தச் செடியைக் குறித்துத் தாவரவியல் மாணவர்களும் ஆர்வலர்களும் பெரும்பாலும் எழுப்பும் வினாக்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஜல்தனியா என்பது எந்தச் செடி?

இதன் தாவரவியல் பெயர் ரணன்குலஸ் ஸ்கெலரேட்டஸ் என்பதாகும். பட்டர்கப் என்று பொதுவாக அழைக்கப்படும் ரணன்குலஸ் பேரினத்தில் ஏறத்தாழ 600 இனங்கள் உள்ளன. அவற்றுள் ஈரநிலத்தை நம்பி வாழும் ஓராண்டுச் செடி இது. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் இது பரவியிருக்கிறது. இந்தியாவில் கங்கைச் சமவெளி உள்ளிட்ட வட மாநிலங்களின் நீர்க்கரைகளிலும் இமயமலையின் வெப்பமான பள்ளத்தாக்குகளிலும் காணப்படுகிறது. ஜல்தனியா என்பது இந்திப் பெயர். ஜலம் நீர், தனியா நாம் அறிந்த கொத்தமல்லிதான். தமிழில் பரவலாக வழங்கும் பெயர் இதற்கு இல்லாததால், வேறு பெயர் கட்டிவிடாமல் மண்ணின் மக்கள் வைத்த பெயரையே இங்குக் கையாள்கிறோம்.

இதன் குடும்பமாகிய ரணன்குலேசி நமக்கு அந்நியமானதன்று. நம் அஞ்சறைப் பெட்டியை அடுத்து இருக்கும் கருஞ்சீரகம் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதிவிடயமும், கொடிய நஞ்சான நாபியும் இக்குடும்பத்துச் செடிகளே. சீரகத்துக்கும் கருஞ்சீரகத்துக்கும் பெயரளவில்தான் உறவு என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். சீரகம் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ரணன்குலஸ் என்ற பெயருக்கும் ரணத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஆனால் இந்தச் செடியின் சாறு தோலைப் புண்ணாக்கக்கூடியது என்பதால், ரணம் என்ற சொல்லோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உண்மையில், ரானா என்பது இலத்தீனில் தவளை. ரணன்குலஸ் என்றால் குட்டித் தவளை. தவளைகள் வாழும் இடங்களில் இப்பேரினத்துச் செடிகள் பல வளர்வதால் இப்பெயர் வந்தது என்பர். கிரேக்கர்களும் தவளையை வைத்தே இதற்குப் பெயரிட்டிருந்தனர் என்று உரோமானிய அறிஞர் பிளினி குறித்திருக்கிறார். ஸ்கெலரேட்டஸ் என்ற இரண்டாம் சொல்லுக்குக் கொடியது, குற்றம் புரிந்தது என்று பொருள். 1753-இல் இச்செடிக்கு இப்பெயரை நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ். செடிக்குக் குற்றப்பட்டம் சூட்டுவது மிகை என்று தோன்றினாலும், சாற்றைக் கையில் பட்டுக்கொண்டவர்கள் அவரோடு உடன்படுவார்கள்.

இதை எப்படி அடையாளம் காண்பது?

தண்டு நிமிர்ந்தும், சதைப்பற்றோடும், உள்ளே குழலாகவும் இருக்கும். நெடுக வரிப்பள்ளங்கள் ஓடும். வளம் குறைந்த இடத்தில் ஒரு சாணுக்குள் நின்றுவிடும் செடி, எருமைகள் புரண்டு எரு கலந்த சேற்றில் முழங்கால் உயரத்தையும் தாண்டும். அடியிலைகள் சிறுநீரக வடிவில், மூன்றாக ஆழப் பிளவுபட்டு, ஒவ்வொரு பிளவும் மழுங்கிய பற்களோடு அமைந்திருக்கும். மேலே செல்லச் செல்ல இலைகள் குறுகி, காம்பின்றிக் குச்சி போன்ற துண்டுகளாகிவிடும். இலையில் உரோமம் அநேகமாக இருக்காது. எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம் இருக்கும்.

இலையை மட்டும் பார்த்தால் கொத்தமல்லி என்றோ செலரிக் கீரை என்றோ தவறாகக் கொள்ள இடமுண்டு. பூத்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். கொத்தமல்லியும் செலரியும் வெண்ணிறச் சிறுபூக்களைக் குடைபோல் விரித்துப் பூப்பவை. ஜல்தனியாவில் கிளைக்காம்புகளின் நுனியில் ஐந்து மஞ்சள் இதழ்கள் கொண்ட பூக்கள் தனித்தனியாக நிற்கும். பூவின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பிற பட்டர்கப் செடிகளிலிருந்து இதைப் பிரித்தறிய, பூவுக்கு அடியில் பாருங்கள்: புல்லி இதழ்கள் கீழ்நோக்கி மடிந்து காம்பை ஒட்டித் தொங்கும், பூவின் நடுவே பச்சை நிறத்தில் ஒரு குமிழ் புடைத்து நிற்கும். அந்தக் குமிழ் காயாகும்போது நீண்டு, சின்னஞ்சிறு முசுக்கொட்டைக் காயைப் போல் ஆகிவிடும். இந்த உருளை வடிவக் கனித்தலையே இவ்வினத்தின் நம்பகமான அடையாளம்.

பூவைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும். முதலில் ஓர் அல்லி இதழைப் பிடுங்கி, அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே விளிம்பு கட்டிய ஒரு நுண்குழி இருக்கும், அதுவே தேன்சுரப்பி. பட்டர்கப் இனங்கள் பலவற்றில் இக்குழியின்மேல் ஒரு செதில் மூடிபோல் அமைந்திருக்கும். ஜல்தனியாவில் அது இல்லாமல் குழி திறந்தே கிடப்பதால், நீண்ட நாக்கில்லாத சிறு ஈக்களும் இங்கே வந்து தேன் குடிக்க முடிகிறது. பூச்சிகள் வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும் திறன் இச்செடிக்கு உண்டு.

அடுத்து பூவின் நடுப்பகுதி. ஒன்றோடொன்று ஒட்டாத சூலக இலைகள் பூத்தளத்தின்மேல் சுருள் அடுக்கில் நெருங்கி நிற்கும். நம் பாடநூல்கள் இதை இணையாச் சூலகம் என்று குறிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சூல். ஆகவே ஒவ்வொன்றும் ஒரே ஒரு விதை கொண்ட, வெடிக்காத உலர்கனியாக, அதாவது அக்கீனாக முதிர்கிறது. ஒரு தலையில் எழுபது முதல் நூறு வரை எண்ணலாம்; செழிப்பான செடியில் அதற்கு மேலும் இருக்கும். ஒவ்வோர் அக்கீனும் ஒரு மில்லிமீட்டர் அளவே. தட்டையான முட்டை வடிவம், பக்கங்களில் மெல்லிய சுருக்கங்கள், நுனியில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு குட்டி அலகு. பூ உறுப்புகள் இவ்வாறு எண்ணிக்கை வரையறையின்றிச் சுருளாக அமைவதைப் பூக்கும் தாவரங்களின் பழைய அமைப்புமுறை ஒன்றின் எச்சமாகத் தாவரவியலார் கருதுகின்றனர். இதனாலேயே இக்குடும்பம் வகைப்பாட்டியல் வகுப்புகளில் தொடக்கத்திலேயே நடத்தப்படுகிறது.

பட்டர்கப் இதழ்கள் வார்னிஷ் பூசியதுபோல் பளபளப்பது எதனால்?

ஆங்கிலேயச் சிறுவர்கள் இப்பூவை மோவாயின் கீழ்ப் பிடித்து, மஞ்சள் ஒளி விழுகிறதா என்று பார்த்து, உனக்கு வெண்ணெய் பிடிக்கும் என்று சொல்லி விளையாடுவது வழக்கம். அந்த ஒளிக்குப் பின்னால் இருப்பது மூன்று அடுக்கு அமைப்பு. இதழின் மேல்தோல் மிக வழவழப்பானது. அதன் செல்களில் மஞ்சள் நிறமி நிறைந்திருக்கிறது. அதற்குக் கீழே மெல்லிய காற்று இடைவெளி. அதற்கும் கீழே மாவுப்பொருள் நிறைந்த வெண்ணிற அடுக்கு. வழவழப்பான மேற்பரப்பும் காற்று இடைவெளியும் ஒளியைக் கண்ணாடி போல் திருப்பி அனுப்புகின்றன. மாவுப்பொருள் அடுக்கு எஞ்சிய ஒளியைச் சிதறடித்து நிறமியின் வழியாக மீண்டும் மேலே அனுப்புகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படர்ந்து வளரும் பட்டர்கப் இனம் ஒன்றில் இதை விரிவாக அளந்து காட்டினர். ஜல்தனியாவின் இதழ்கள் சிறியவை, வெளிறியவை. ஆகவே மோவாய் விளையாட்டுக்கு இந்த இனம் உகந்ததன்று. சாற்றை எண்ணினால் அது நல்லதே.

இது ஏன் சேற்றில் மட்டும் வளர்கிறது?

நீர் தேங்கிய மண்ணில் வேர்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. பெரும்பாலான செடிகள் அதனாலேயே அழுகிப்போகின்றன. ஜல்தனியாவின் குழல் தண்டும், அதன் திசுக்களில் உள்ள காற்றறைகளும் மேலிருந்து கீழே காற்றைக் கொண்டுசெல்கின்றன. ஆனால் விடை இத்துடன் முடியவில்லை. நாணலுக்கும் சம்புக்கும் இதே வசதி உண்டு; அவை ஓங்கி வளர்ந்த இடத்தில் ஜல்தனியா நிற்பதில்லை. நிழலையும் நெருக்கத்தையும் தாங்கும் ஆற்றல் இதற்கு இல்லை. எனவே இதற்கு வேண்டியது வெறும் ஈரமன்று. வேறு செடிகள் இன்னும் கைப்பற்றாத, வெயில் படும், எருச்சத்து மிக்க வெற்றுச்சேறு. கால்நடைகள் நீர் குடிக்க இறங்கி மிதித்துக் குழப்பிய கரையும், தூர்வாரிய வண்டலைக் கொட்டிய கால்வாய் ஓரமும், நீர்மட்டம் இறங்கிய ஏரியின் உள்விளிம்பும் அத்தகைய இடங்கள். சிறிதளவு உப்பு கலந்த சேற்றையும் இது பொறுத்துக்கொள்ளும்.

நாற்றாக இருக்கும்போதே வெள்ளம் ஏறிவிட்டால் என்ன ஆகும்?

இந்தச் செடியை உடலியங்கியல் ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்துச் சென்ற கேள்வி இதுதான். மூழ்கிய செடியில் இலைக்காம்புகள் விரைவாக நீளத் தொடங்கும். இலைப்பரப்பு நீரின் மேலே வந்து மிதந்ததும் நீட்சி குறைந்துவிடும். செடிக்கு எப்படித் தெரிகிறது, தான் மூழ்கியிருப்பது? எத்திலீன் என்ற வாயுவால். எல்லாச் செடிகளும் தம் திசுக்களில் இதைச் சிறிதளவு உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் நிற்கும்போது அது கலைந்துபோய்விடும். நீரிலோ வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகையால் மூழ்கிய இலைக்காம்பினுள் எத்திலீன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது; அந்தத் தேக்கமே நீளு என்ற கட்டளையாகிறது. இலை மேலே வந்ததும் வாயு வெளியேறுகிறது, கட்டளையும் நின்றுவிடுகிறது.

வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் நம் ஊர் முறையிலும் வேலை செய்வது இதே வாயுதான். புகையில் எத்திலீன் உண்டு. மூடிய இடத்தில் அது தேங்கி, காயைக் கனியவைக்கிறது. பெருவெள்ளத்தோடு சேர்ந்து உயரும் ஆழ்நீர் நெல் வகைகளும் எத்திலீன் தேக்கத்தைக் கொண்டே வெள்ளத்தை உணர்கின்றன. நெல்லில் தண்டின் கணுவிடைகள் நீள்கின்றன. ஜல்தனியாவில் நீள்வது இலைக்காம்பு.

சென்ற ஆண்டு நிறைந்திருந்த இடத்தில் இவ்வாண்டு ஒன்றுகூட இல்லையே, அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, சேற்றுக்குள் விதையாக இருக்கும். இதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு உறங்கக்கூடியவை. உறக்கம் கலைய மூன்று குறிப்புகள் உதவுகின்றன: வெளிச்சம், பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை ஏறி இறங்குதல், மண்ணில் நைட்ரேட் சத்து. இந்த மூன்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் இச்செடியின் கணக்கு விளங்கும். ஆழமான நீருக்கடியில் வெப்பநிலை பெரிதாக மாறாது. அடர்ந்த செடிகளின் அடியிலும் மாறாது. நீர் வடிந்து வெயில் பட்ட வெற்றுச்சேற்றில்தான் பகலில் சூடும் இரவில் குளிரும் மாறிமாறி வரும். ஆகவே விதை தெரிந்துகொள்ள விரும்புவது, என்மேல் நீரும் இல்லை, நிழலும் இல்லையா என்பதையே.

நெதர்லாந்தில் ஐசல்மீர் ஏரியின் பகுதிகளைக் கரைகட்டி நீரை இறைத்து நிலமாக்கியபோது, புதிதாக வெளிப்பட்ட சேற்றில் முதலில் குடியேறிய செடிகளுள் இதுவும் ஒன்று. சில ஆண்டுகளில் நாணல் வந்ததும் பின்வாங்கிவிட்டது. ஓரிடத்தில் நிலைத்திருப்பதைவிட, வாய்ப்பு வரும் இடத்தில் விரைந்து பூத்து, பெருந்தொகையாக விதையிட்டு மறைவதே இதன் வாழ்க்கை.

புதிய இடங்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

அக்கீன்கள் இலேசானவை, நீரில் மிதந்து கால்வாய் வழியே நெடுந்தொலைவு போகும். எஞ்சிய பணியை நீர்ப்பறவைகளும் கால்நடைகளும் செய்கின்றன. வாத்துகள் தின்ற விதைகளில் ஒரு பகுதி செரிக்காமல் எச்சத்தோடு வெளியேறுகிறது. கால்களில் ஒட்டிய சேற்றிலும் விதை பயணம் செய்கிறது. சேற்றில் எவ்வளவு விதை இருக்கும் என்று ஐயுறுவோர்க்கு ஒரு பழைய சோதனையைச் சொல்லலாம். ஒரு சிறு குளத்தின் ஓரத்தில், நீருக்கடியிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்துவந்து, தம் படிப்பறையில் மூடிவைத்து, முளைப்பவற்றை ஆறு மாதம் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார் சார்லஸ் டார்வின். பல இனங்களுமாகச் சேர்ந்து 537 செடிகள் முளைத்தன. ஒரு காலைத் தூக்கும் கொக்கு எத்தனை விதைகளைத் தூக்கிச் செல்லக்கூடும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இது நச்சுச் செடியா? அந்த நச்சு எப்படிச் செயல்படுகிறது?

ஆம். பட்டர்கப் இனங்களிலேயே நச்சு மிகுந்தவற்றின் முன்வரிசையில் இது நிற்கிறது. ஆனால் கசங்காத செடியில் அந்த நச்சு நேரடியாக இல்லை என்பதே இதில் சுவையான செய்தி. இலையிலும் தண்டிலும் இருப்பது ரணன்குலின் என்ற சர்க்கரைச் சேர்மம்; அது தன்னளவில் காரமற்றது. இலை கசங்கும்போதோ, விலங்கின் வாயில் மெல்லப்படும்போதோ செல்கள் உடைந்து, ஒரு நொதி ரணன்குலினைப் பிளக்கிறது. சர்க்கரை விலகியதும் உண்டாவது புரோட்டோஅனிமோனின் என்ற எளிதில் ஆவியாகும் காரமான எண்ணெய். நாக்கிலும் தோலிலும் எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்குவது அதுவே. கண்ணும் மூக்கும் அதன் ஆவியிலேயே எரியும்.

இதன் ஆட்சி நெடுநேரம் நீடிப்பதில்லை. புரோட்டோஅனிமோனின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து அனிமோனின் என்ற படிகப்பொருளாக மாறிவிடுகின்றன. அதற்கு எரிச்சலூட்டும் தன்மை இல்லை. செடி நன்கு உலரும்போது இம்மாற்றம் நடந்தேறுவதால், காய்ந்த வைக்கோலில் கலந்திருக்கும் பட்டர்கப் செடியால் கால்நடைக்குப் பொதுவாகத் தீங்கில்லை. பச்சையாகத் தின்றால்தான் தீங்கு. சாறு கையில் பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டு நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அதற்குள் கண்ணைத் தொடக் கூடாது. கொப்புளம் எழுந்தாலோ, குழந்தைகள் மென்றுவிட்டாலோ மருத்துவரிடம் செல்வதே முறை.

மாடுகள் இதை மேயுமா?

பச்சைச் செடியின் காரம் வாயில் பட்டதும் பெரும்பாலான மாடுகள் ஒதுங்கிவிடும். மேய்ந்து தீர்ந்த கரையில் இது மட்டும் செழித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேறு தீனி இல்லாத பஞ்சக் காலத்திலும், கால்வாய்ப் புல்லோடு சேர்த்து அறுத்துக் கட்டிப்போட்டாலும் தின்னும் நிலை வரும். அப்போது எச்சில் வடிதல், வாய்ப்புண், வயிற்றுவலி, கழிச்சல் ஆகியவை காணும்; பாலும் கசக்கும்.

இலையை அரைத்து மூட்டுவலிக்குக் கட்டலாம் என்கிறார்களே?

கட்ட வேண்டாம். வலிக்கும் இடத்தில் எரிச்சலை உண்டாக்கி, வலியை மறக்கச் செய்யும் இவ்வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. பட்டர்கப் இலைகளை இரவெல்லாம் வைத்துக் கட்டித் தீக்காயம் போன்ற புண்ணோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. பழைய ஐரோப்பாவில் பிச்சைக்காரர்கள் இரக்கம் பெறுவதற்காக இதன் சாற்றைப் பூசிப் புண் வரவழைத்துக்கொண்டனர் என்று மூலிகை நூலோர் எழுதிவைத்தது, இதன் மருத்துவக் குணத்துக்குத் தரப்பட்ட சான்றாகாது.

தின்றால் சிரித்துக்கொண்டே சாகும் செடி என்பது இதுதானா?

மத்தியதரைக் கடலில் உள்ள சார்டினியத் தீவில் விளையும் ஒரு செடியைத் தின்றவர்கள், முகம் கோணிச் சிரிப்பது போன்ற தோற்றத்தோடு இறப்பர் என்று பழங்காலத்தவர் எழுதினர். ஏளனச் சிரிப்பைக் குறிக்கும் சார்டானிக் என்ற ஆங்கிலச் சொல்லும் இத்தீவோடு சேர்த்தே விளக்கப்படுகிறது. செலரி போன்ற இலை என்ற வருணனையை வைத்துப் பிற்கால மூலிகை நூலோர் அதை ஜல்தனியா என்று முடிவு கட்டினர். ஆனால் புரோட்டோஅனிமோனின் வாயைப் புண்ணாக்குமே தவிர, நரம்புகளைத் தாக்கி முகத்தசைகளை இழுப்பதன்று. அதே தீவில் வளரும், கேரட் குடும்பத்தைச் சேர்ந்த ஓனான்தே என்ற நச்சுச் செடியே அதுவாக இருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதன் இலையும் செலரியை ஒத்தது; நஞ்சு வலிப்பை உண்டாக்குவது. எமக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க முடியுமா?

நம் சமவெளி இதன் இடமன்று. ஆனால் பட்டர்கப் பேரினத்தையே பார்க்க வேண்டும் என்றால் நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏறினால் போதும். அங்குள்ள உயர்மலைப் புல்வெளிகளில் ரணன்குலஸ் ரெனிஃபார்மிஸ் என்ற இனம் வளர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. 1834-இல் வைட், அர்னாட் ஆகிய தாவரவியலார் இருவரும் தென்னிந்தியத் தாவரங்களை விவரித்து வெளியிட்டபோது இது முறையாகப் பெயர்பெற்றது. ஜல்தனியாவைப் போல் ஓராண்டில் மடிவதன்று. அடிவேரிலிருந்து மீண்டும் மீண்டும் தழைக்கும் பல்லாண்டுச் செடி. இலை பிளவுபடாமல் வல்லாரையைப் போல் சிறுநீரக வடிவில் இருக்கும். ஆனால் உரோமம் உண்டு. ஐந்து இதழ் என்ற வழக்கத்தை மீறி, பத்துக்கும் மேற்பட்ட ஒடுங்கிய மஞ்சள் இதழ்களோடு இது பூப்பதால், முதலில் பார்ப்பவர்கள் சாமந்தி இனத்துப் பூ என்று எண்ணிவிடுவர். வல்லாரை என்று நினைத்து இலையைப் பறித்து வாயில் போட்டுவிடக் கூடாது.

செடியைத் தாள்களிடையே அழுத்தி உலர்மாதிரி தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தண்டில் நீர் மிகுதியாதலால் முதல் நான்கைந்து நாட்களுக்குத் தாள்களைத் தினமும் மாற்றாவிட்டால் மாதிரி கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தடித்த தண்டை நெடுக்காகப் பிளந்து வைத்தால் விரைவில் உலரும். கையுறை அணிந்துகொண்டு இதைச் செய்யுங்கள். இதழ்களும் புல்லிகளும் எளிதில் உதிர்ந்துவிடுவதால், புல்லிகள் கீழ்நோக்கி மடிந்திருந்தன என்பதையும் இதழின் நிறத்தையும் களத்திலேயே குறித்துவைக்க வேண்டும். பூவோடு மட்டும் சேகரித்தால் போதாது. முதிர்ந்த கனித்தலை ஒன்றாவது இருக்க வேண்டும். உதிரும் அக்கீன்களைச் சிறு காகித உறையில் இட்டு மாதிரித் தாளிலேயே ஒட்டிவிடலாம். முடிந்தால் வேர்ப்பகுதியில் ஒட்டியிருக்கும் சேற்றையும் தனியே ஒரு தட்டில் இட்டு, ஈரம் காயாமல் வெயில் படும் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். சில வாரங்களில் அதிலிருந்து நாற்றுகள் தலைகாட்டக்கூடும்.